தேநீர்க்கடைக்கு உறுப்பினர் அட்டை கிடையாது

"திறமை இருந்தா யாரு தடுக்கப் போறாங்க? பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒரு குழு எதுக்கு?" மென்பொருள் துறையில் இருக்கும் பெண்கள் தங்களுக்குள் ஓர் அமைப்பில் சேரும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் பதினைந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆண்கள் கேட்டிருக்கிறார்கள், வேலையில் கெட்டிக்காரிகளான பெண்களும் கேட்டிருக்கிறார்கள். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. மார்ச் 8 அன்று வரவேற்பறையில் கோலப்போட்டி, ஆளுக்கொரு ரோஜா, மேலதிகாரியின் பத்து நிமிடப் பேச்சு. அமைப்பு என்பது இவ்வளவுதான் என்றால் எனக்கும் வேண்டாம்.

மற்ற பாதிக்கு வருவோம். ஆர்வம் இருந்தால் பெண்கள் தாமாகவே வருவார்கள் என்கிறார்கள். 2006இல் கூகுளின் கோடைக்கால நிரல் திட்டத்தின் வழியாக க்னோம் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. ஆர்வமில்லை போலும் என்று அத்தோடு விட்டிருக்கலாம். க்னோம்காரர்கள் விடவில்லை. பெண்களுக்கென்றே அறிவித்து அதே ஆண்டில் இன்னொரு முறை அழைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன. மென்பொருள் அதுவேதான், ஆண்டும் அதுவேதான். அழைத்த விதம் மட்டும் வேறு. ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினாலும், வீடு தேடி வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடாத கல்யாணத்துக்கு நாம் போவோமா?

உடனே சலுகை என்பார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக வளர்ந்த அவுட்ரீச்சி பயிற்சியில், விண்ணப்பிக்கும் காலத்திலேயே ஒரு திட்டத்துக்கு உண்மையான பங்களிப்பைச் செய்து காட்ட வேண்டும். வழிகாட்டிகள் அதைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். நான் போய்வந்த நேர்காணல்கள் பலவற்றைவிட இது கடினம்.

"ஒதுங்கிக்கொள்கிறீர்கள்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை இருக்கிறது. இரவு எட்டரைக்கு அங்கே நின்றால் எந்த ப்ராஜெக்ட் முடியப் போகிறது, யாருக்கு ஆன்சைட், இதே அனுபவத்துக்கு அடுத்த கம்பெனியில் என்ன தருகிறார்கள் எல்லாம் காதில் விழும். பெண்கள் வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் எட்டரைக்கு நாங்கள் கேபில் இருப்போம், இல்லையென்றால் வீட்டில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்போம். அந்தக் கடையும் ஒரு தொழில் அமைப்புதான். உறுப்பினர் அட்டைதான் கிடையாது.

அமெரிக்காவில் பெண்களின் அமைப்பும் இப்படிப் பேச்சில்தான் தொடங்கியது. 1987இல் ஆஸ்டினில் நடந்த இயங்குதள ஆய்வாளர் மாநாட்டுக்குக் கணினி அறிஞர் அனிதா போர்க் போனபோது பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள். பெண்கள் கழிவறையில் தொடங்கிய பேச்சு இரவுச் சாப்பாட்டு மேசைக்கு நகர்ந்தது. அங்கிருந்து சிஸ்டர்ஸ் என்ற தொடர்பு வலை பிறந்தது. ஆண்களை ஏன் சேர்க்கவில்லை என்று அப்போதே சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. 1994இல் அவரும் டெல்லி விட்னியும் கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் பெயரில் பெண்களுக்காக நடத்திய முதல் மாநாட்டுக்கு ஐந்நூறு பேர் வந்தார்கள். தத்தம் ஆய்வுக்கூடங்களையும் அலுவலகங்களையும் விட்டுவிட்டா வந்தார்கள்? ஆடிக்குப் பிறந்த வீடு போகிறவள் புகுந்த வீட்டைத் துறந்துவிட்டாள் என்று எந்த மாமியாரும் சொன்னதில்லை.

வெறும் வம்புப் பேச்சு என்பவர்களுக்கு என் கதையைச் சொல்கிறேன். குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பியபோது காப்பகம் பற்றிக் கேட்டேன். அப்படி எதுவும் கிடையாது என்றது மனிதவளப் பிரிவு. தரமணியில் நாங்கள் பெண்கள் கூடும் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில், வேறு கம்பெனியில் இருந்த அக்கா ஒருவர் கைப்பையிலிருந்து துண்டுக் காகிதம் எடுத்து எழுதிக் கொடுத்தார்: மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தம், பிரிவு 11ஏ. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயம். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். அந்தக் காகிதத்தை மேசையில் வைத்தேன். மூன்று மாதத்தில் பக்கத்துக் கட்டடக் காப்பகத்தோடு ஒப்பந்தம் ஆனது. வம்பு பேசினோம்தான், நடுவில் இதுவும் நடந்தது.

இன்னொன்று. 2023இல் ஆர்லாண்டோவில் நடந்த கிரேஸ் ஹாப்பர் மாநாட்டின் வேலைவாய்ப்பு அரங்கில் ஆண்கள் பெருந்திரளாக வந்து வரிசை கட்டினார்கள். பயனில்லாத இடத்தில் யார் கால்கடுக்க நிற்பார்கள்?

இப்போது புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. 2011இல் தொடங்கி, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்திருந்த விமன் ஹூ கோட் என்ற பெண்கள் அமைப்பு 2024 ஏப்ரலில் மூடப்பட்டது. "பாத்தீங்களா, தேவை தீர்ந்துபோச்சு" என்றார் ஒரு நண்பர். நிதி வரத்து பாதிக்கப்பட்டதுதான் காரணம் என்று அந்த அமைப்பே அறிவித்திருந்தது. உறுப்பினர் குறைந்துவிட்டார்கள் என்று அது சொல்லவில்லை.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் புரவலர் கிடையாது. ஒரு தோழியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் சங்க அறை, தேநீருக்கு ஆளுக்கு இருபது ரூபாய். அடுத்த முறை எல்லோரும் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வருவது என்று முடிவாகியிருக்கிறது.