கம்பி அறுந்தால் மார்க்கும் அறுபடுவதா?

ஆதம்பாக்கத்தில் மின்தடை புதிய சேதி அல்ல. பராமரிப்பு வேலை இருந்தால் மின்சார வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது. எந்தெந்த இடம் என்று பத்திரிகைகளில் வருகிறது. காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்குத் திரும்பும். அதற்குள் தண்ணீர் ஏற்றி, மாவு அரைத்து வைத்துக்கொள்ள வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

ஆனால், அன்று காலை 10 மணிக்கு மகளுக்கு இணையம் வழியாக வாய்மொழிப் பரீட்சை என்றால் என்ன செய்வது?

"அதெல்லாம் கொரோனாவோடு போய்விட்டதே!" என்று சிலர் நினைக்கலாம். போகவில்லை. எம்.பில்., பிஎச்.டி. மாணவர்களின் வாய்மொழிப் பரீட்சையை கூகுள், ஸ்கைப் போன்றவை மூலம் நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஏப்ரலில் கூறியது. அந்த ஸ்கைப் 2025-ம் ஆண்டு மூடப்பட்டு விட்டது. பரீட்சை முறை மூடப்படவில்லை. 2022-ல் வந்த பிஎச்.டி. விதிகளும் அதற்கு இடம் கொடுக்கின்றன. வேலைக்கான நேர்முகத் தேர்வுகள் பலவும் இப்படித்தான் நடக்கின்றன.

நல்ல முறைதான். மதுரையில் இருக்கும் பேராசிரியர், ரெயில் ஏறாமலே சென்னை மாணவியிடம் கேள்வி கேட்கலாம். பணமும் மிச்சம், பொழுதும் மிச்சம். நாம் இதை எதிர்க்கவில்லை. இணைப்பு அறுந்தால் அந்தப் பழி யார் தலையில் விழுகிறது என்பதுதான் நம் கேள்வி.

எழுத்துப் பரீட்சையில் பேனா எழுதாவிட்டால் பக்கத்தில் இரவல் வாங்கலாம். எழுதிய வரிகள் தாளிலேயே இருக்கும். வாய்மொழிப் பரீட்சை அப்படி அல்ல. கேட்பவர் காதில் விழுந்ததுதான் பதில். பாதி வாக்கியம் வழியில் தொலைந்தால், மாணவி பாதிதான் சொன்னார் என்று ஆகிவிடும். குரல் 2 வினாடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், பதில் தெரியாமல் விழிக்கிறார் என்று தோன்றும். நேரில் என்றால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். இங்கே முகமும் அசையாமல் நிற்கிறது! மாணவியோ, தன் குரல் போகவில்லை என்பதே தெரியாமல் பேசிக்கொண்டு இருப்பார்.

இதிலும் அடி ஏழைக்குத்தான். இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்குக் கரண்ட் போனதே தெரியாது. ஒரே செல்போனை நாலு பேர் பங்கு போடும் வீட்டில்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பக்கத்திலே வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் மிதந்தன. பல இடங்களில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. பரீட்சைகள் தள்ளி வைக்கப்பட்டன. சரியான காரியம். ஊருக்கே வெள்ளம் வந்தால் பரீட்சை தள்ளிப் போகிறது. ஒரு வீட்டில் மட்டும் இணைப்பு போனால்? அந்த வீட்டுக்கு அதுவும் வெள்ளம்தானே!

இதைப் பரீட்சை நடத்துகிறவரின் நல்ல மனசுக்கு விட்டுவிடக் கூடாது. ஒருவர் இரக்கப்பட்டு அரை மணி நேரம் காத்திருப்பார். இன்னொருவர் 'ஆப்சென்ட்' போட்டு விடுவார். ஆகவே, எத்தனை நிமிடம் காத்திருப்பது, எந்த போனில் கூப்பிடுவது, அன்று முடியாவிட்டால் மறுநாள் எது என்பதையெல்லாம் கல்லூரிகள் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். மறு பரீட்சைக்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது.

"விடை தெரியாதவர்கள் வேண்டுமென்றே இணைப்பைத் துண்டிப்பார்களே?" என்பார்கள். துண்டிக்கட்டுமே! திரும்பி வந்ததும் வேறு கேள்வி கேளுங்கள். ஏமாற்றுகிறவருக்கு லாபம் இல்லை. நிஜமாகவே தவித்தவருக்கு நஷ்டம் இல்லை.

வீட்டிலும் சில ஏற்பாடுகள் வேண்டும். கரண்ட் போனால் வைபை பெட்டி அணைந்துவிடும். ஆனால், செல்போன் கோபுரம் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும். எனவே போனை முழுக்க சார்ஜ் செய்து, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு இணைப்புக் கொடுத்து முந்தின நாளே சோதித்துப் பாருங்கள். பேச்சைவிடப் படம்தான் டேட்டாவை அதிகம் விழுங்கும். குரல் தடுமாறினால், அனுமதி கேட்டுப் படத்தை நிறுத்திவிட்டுப் பேசலாம். பரீட்சை முடியும்வரை தம்பி போனில் விளையாட வேண்டாம். பாட்டியும் சீரியலைப் பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

இணைப்பு அறுந்துவிட்டால் பதற்றம் வேண்டாம். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையைப் படம் பிடியுங்கள். உடனே கல்லூரிக்குப் போனில் சொல்லி, அதையே எழுத்திலும் அனுப்புங்கள். கரண்ட் போயிருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் பேசிப் புகார் பதிவு செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை கல்லூரியில் "சாட்சி எங்கே?" என்று கேட்டால், எடுத்துக் காட்ட அது உதவும்.