ஏழைப் பிள்ளைக்கு இது போதுமா?

மாணவர்களுக்கென்று இந்திய அரசு கொண்டுவந்த மலிவு விலை ஆகாஷ் டேப்லெட்டுக்கு வக்காலத்து வாங்கி நண்பர் எழுதியதன் சாரம் இது: ஐபேடுடன் ஒப்பிட்டே அதைக் கெடுத்துவிட்டார்கள், அந்த விலைக்கு அவ்வளவுதான் கிடைக்கும், கையில் ஒன்றுமே இல்லாத பிள்ளைக்குத் திரை கொஞ்சம் மெதுவாக நகர்ந்தால் என்ன? மூன்றும் தவறு. கடைசியாகச் சொன்னது அநியாயமும்கூட.

ஐபேடை விடுங்கள். ஆகாஷை அதன் தம்பியோடு ஒப்பிடுவோம். 2011 அக்டோபர் 5 அன்று தில்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட முதல் ஆகாஷின் விலை அரசுக்கு 2,276 ரூபாய். 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ராம், அழுத்தினால்தான் வேலை செய்யும் ரெசிஸ்டிவ் திரை. அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த ஆகாஷ் 2-இன் விலை 2,263 ரூபாய். அதில் 1 கிகாஹெர்ட்ஸ், 512 எம்பி, விரல் பட்டாலே உணரும் கெபாசிட்டிவ் திரை. விலை 13 ரூபாய் குறைந்தே இருக்கிறது! ஓராண்டில் உதிரிபாகங்கள் மலிந்தன என்பார் நண்பர். அப்படியானால் அந்த ஓராண்டு பொறுத்திருக்கலாமே?

ரெசிஸ்டிவ் திரையில் மேல்படலம் வளைந்து கீழ்ப்படலத்தைத் தொட வேண்டும். லேசாகத் தடவினால் போதாது. நகத்தால் அழுத்த வேண்டும். ஏழு அங்குலத் திரையில் பாடப்புத்தகத்தைத் திறந்தால், இரு விரலால் விரித்து எழுத்தைப் பெரிதாக்க வழியில்லை. அழுத்தியது பதிந்ததா என்று தெரியாமல் பிள்ளை மறுபடி அழுத்தும். தாமதமாக விழித்த பிராசசர் இரண்டையும் நிறைவேற்றும். பக்கம் தாண்டிப் போயிருக்கும். தப்பு தன் கையில்தான் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். வீட்டில் முதன்முதலாகக் கணினியைத் தொடுவதே அந்தப் பிள்ளைதான் என்றால், அப்படி இல்லை என்று பக்கத்திலிருந்து சொல்ல யார் இருக்கிறார்கள்? போதாததற்கு, அதிலிருந்தது ஆண்ட்ராய்டு 2.2. தமிழோ மலையாளமோ அதில் ஒழுங்காகத் தெரியாது.

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு நண்பர் இதை எழுதியதுதான் எனக்கு ஆறவில்லை. இதே ஊரில், பூஜப்புரையில் இருக்கிற, கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜக்டரும் கொடுத்தது. மலையாளத்தில் வேலை செய்யக்கூடிய கட்டற்ற மென்பொருளோடு. அங்கே படிப்பதும் சாதாரண வீட்டுப் பிள்ளைகள்தான்.

இனி பள்ளிகளுக்கு டேப்லெட் வாங்கும் எந்த அரசும், டெண்டரை முடிவு செய்யுமுன் அதை ஓர் எட்டாம் வகுப்பில் கொடுத்து ஒரு பாடவேளை பயன்படுத்தவிட வேண்டும். அந்தப் பிள்ளைகள் வேண்டாம் என்பதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.