சிலந்திக் குஞ்சும் அதன் இரையும்

சிற்றுயிர்களை அடைத்து வளர்க்கும் விருப்பம் இளையோர்க்கு இயல்பு. பொன்வண்டைத் தீப்பெட்டியிலிட்டு, இலை கொடுத்து, அது முட்டையிடுமென்று காத்திராத சிறுவர் நம் சாயல்குடிப் பக்கத்தில் அரியர். இப்பொழுது அவ்விருப்பம் சிலந்தியின்மேலும் சென்றுள்ளது. அதனைக் குற்றமென்று கூற வந்தோமில்லை. இரையிடும் வகையறியாது வளர்த்தலே குற்றமென்கின்றோம். இதனை நாம் பட்டே அறிந்தோம்.

சென்ற கோடை விடுமுறையில் நம் இளவல் பிடித்துக் கொணர்ந்த தாவும் சிலந்திக் குஞ்சுகள் மூன்றனைக் கண்ணாடிப் புட்டியில் வளர்க்கலானோம். எளிதிற் கிடைப்பது எறும்பேயாதலின் அதனையே இட்டோம். மறுநாட் காலையிற் பார்க்குங்கால், இரையாக விட்டவை உண்பனவாயும், உண்ணவேண்டியவை இரையாயும் கிடந்தன! எஞ்சிய ஒன்றனைக் காத்தவர் நம் பாட்டியார். புளித்த பதநீர்க் கலயத்தின் வாயில் மொய்க்கும் சிற்றீக்களைப் பிடித்து விடுமாறு அவர் பணித்தார். பனைமிகுந்த நம்மூரில் அவற்றிற்குப் பஞ்சமேது?

சிலந்தி இரையை மென்று விழுங்குவதன்று. நஞ்சேற்றி, செரிப்புநீரை உமிழ்ந்து, கரைந்ததனை உறிஞ்சுவது. ஆதலின் குஞ்சின் வயிற்றினும் பெரிய பூச்சியை இடலாகாது. இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை ஓரிரண்டு ஈக்கள் போதும். புட்டியின் சுவரில் ஒரு துளி நீரும் வேண்டும். தோலுரிக்கும் காலம் அணுகின் அஃது உண்ண மறுக்கும். அப்பொழுது இரக்கத்தால் மேலும் இரையை விடுதல் கொலையோடொக்கும். சுவர்க்கோழி போன்றன உள்ளிருப்பின், புதுத்தோலுடன் மெலிந்து கிடக்கும் குஞ்சினை அவை கடித்துவிடும்.

நிற்க. இவ்வாசை வீட்டுச் சுவரிற் கிடைக்கும் சிலந்தியோடு நின்றால் நன்று. நம்மூர்க்குக் கிழக்கே இராமேசுவரத்தில் வாழும் மரச்சிலந்தி ஒன்று 2004-இல் புதிய இனமென அறிவிக்கப்பட்டது. ஆங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரே அதன் அறிவியற் பெயரில் அமைந்துள்ளது. மண்டபத்திலும், கடல்கடந்து மன்னாரிலும் அதனைப் பின்னர்க் கண்டனர். அஃது அழிவின் விளிம்பில் நிற்பதென்று உலகச் செம்பட்டியல் கூறுகின்றது. அவ்வினத்தையுள்ளிட்ட குழுமுழுவதும் வரியிட்ட கால்களின் அழகால் அயல்நாட்டு வீடுகளில் வளர்ப்பதற்கு விலைபோவதாயிற்று. அதனாலன்றோ 2019-இல் ஜெனீவாவிற் கூடிய அனைத்துலக மாநாடு அவ்வாணிபத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது!

‘வீட்டிற் குஞ்சு பொரிப்பித்து இரையூட்டி வளர்த்தால் இனம் தழைக்குமன்றோ?’ என்று நம் நண்பர் சிலர் வாதிடுவர். புட்டியிற் பிறந்த குஞ்சு இராமேசுவரத்துப் புளியமரத்திற்கு மீள்வதில்லை. முட்டைப்பையோடு ஒரு தாயைப் பொந்திலிருந்து எடுப்பார், ஒரு தலைமுறையையே உடன் எடுக்கின்றனர் என்பதே நம் விடை. அச்சிலந்திக்கு நாம் இடத்தக்க இரை முதுமரமேயாகும். பொந்துள்ள பழமரம் நின்றால் பூச்சி தானே வரும். அதனை விறகுக்கு வெட்டிவிட்டு ஈப்பிடித்துத் தருதலாற் பயனென்னை? வலைபின்னிய சிலந்தியொன்று கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்ததென்று திருவானைக்காவின் பழங்கதை கூறும் நாட்டில், அதற்கொரு பொந்தினை மறுப்பது விந்தையே.

நம் புட்டியில் எஞ்சிய குஞ்சு ஒருமுறை தோலுரித்தது. கல்லூரி திறக்குமுன் அதனை வீட்டு முருங்கையிற் கொண்டுவிட்டோம். இளவல் இன்னும் நாடோறும் அம்மரத்தடியில் அண்ணாந்து நிற்பதாக வீட்டார் எழுதுகின்றனர்.