கரண்ட் வைக்க வந்தவர் பாதியில் திரும்பலாமா?

உதகையில் 2025 ஏப்ரலில் 700 படுக்கை கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதில் 50 படுக்கை பழங்குடி மக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நல்ல காரியம். பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் புற்றுநோய், படுக்கை கிடைத்தால் தீர்கிற நோய் அல்ல. "கரண்ட் வைக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டால் கூடலூர், பந்தலூர் ஆதிவாசிக்குக் கோவை பயணம்தான். கூடலூரில் இருந்து உதகை 50 கிலோ மீட்டர். அங்கிருந்து கோவை 85 கிலோ மீட்டருக்கு மேல்.

காலையில் வந்து மாலையில் போகிற வைத்தியமா இது? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் வாரம் 5 நாள் வீதம் சுமார் 5 வாரம் கரண்ட். பிறகு உள்ளே வைக்கும் கதிர்வீச்சு தனி. எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். வெற்றிலை, புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய்க்கு 6, 7 வாரம். நடுவில் நிறுத்தினால் குணமாகும் வாய்ப்பு குறையும்.

சோறு யார் போடுவது?

முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. உண்மைதான். ஆனால் அதற்குக் கார்டு வேண்டும். கார்டுக்குக் காகிதங்கள் வேண்டும். காட்டோரக் குடிசையில் மழைக்கு நனையாமல் காகிதம் காப்பதே பெரும்பாடு.

கார்டு இருந்தாலும் கூலி போய்விடுகிறதே! தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். மனைவிக்குத் துணையாகப் புருஷனும் வந்துவிட்டால் புள்ளைங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துறது? ரெண்டு மாசம் எங்கே தங்குறது?

இதைக் கேட்க ஆள் இல்லை. "சொன்னா கேக்க மாட்டாங்க, பாதியிலே ஓடிடுவாங்க" என்று பழி மட்டும் ஆதிவாசி மேல் விழுகிறது.

பேச்சும் ஒரு தடைதான். பனியர், காட்டுநாயக்கர் வீட்டில் பேசுவது வேறு மொழி. கூட்டத்துக்கு நடுவே "எப்போ இருந்தும்மா ரத்தப்போக்கு?" என்று உரக்கக் கேட்டால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? தலையை ஆட்டுவாள். புரிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

வழி இருக்கிறது

மலையில் முடியாது என்று சொல்ல வேண்டாம். பக்கத்து வயநாட்டில், மானந்தவாடி அருகே நல்லூர்நாட்டில் பழங்குடியினர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்தே கேரள அரசு புற்றுநோய் மையம் நடத்துகிறது. கதிர்வீச்சு சிகிச்சையும் அங்கே உண்டு. கூடலூரிலேயே 1990-ல் தொடங்கிய ஆதிவாசி ஆஸ்பத்திரி, ஆதிவாசிப் பெண்களுக்கே நர்ஸ் பயிற்சி கொடுத்து நடக்கிறது. தன் மொழியில் தன் ஊர்ப் பெண் கேட்டால் நோயாளி பேசுகிறாள்.

உதகையிலும் கரண்ட் மெஷின் வைக்க வேண்டும். அதுவரை கோவையில் நோயாளிக்கும் துணைக்கும் தங்க இடமும் மூணு வேளை சோறும் வேண்டும். காசநோய்க்காரருக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் கொடுக்க மத்திய அரசால் முடிகிறது. கரண்ட் வைக்க வந்த ஆதிவாசிக்குக் கூலி ஈடு கொடுக்க ஏன் முடியாது?

சோதனையும் ஊருக்கே போகட்டும். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்க நர்சே போதும். கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்குப் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. 14 வயதுப் பெண்களுக்குத் தடுப்பூசி என்று 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அது பள்ளிக்கூட வாசலோடு நிற்கக் கூடாது. படிப்பை விட்ட பெண்ணுக்கும் 14 வயதுதானே?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7 லட்சத்து 94 ஆயிரம் பேர். நூற்றுக்கு ஒருவர். ஓட்டுக் கணக்கில் சின்ன எண்தான். உயிர்க் கணக்கில் அப்படிப் பார்க்கலாமா? கோட்டையில் இருப்பவர்கள் யோசிக்கட்டும்!