பெயர் இல்லையாம், அதனால் அந்தரங்கமும் இல்லையாம்

அமெரிக்காவின் வீடியோ அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் 1988-இல் வந்தது. வாடிக்கையாளர் எந்தப் படத்தை எடுத்துப் போனார் என்பதை அவருடைய சம்மதமின்றி, தெரிந்தே வெளியாருக்குக் கொடுத்த வீடியோ கேசட் கடைக்காரர் குறைந்தது 2,500 டாலர் இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் சாரம். கேசட் கடைகள் மறைந்துவிட்டன, சட்டம் இருக்கிறது. வீடியோ காட்டும் இணையதளங்கள் மெட்டா பிக்சல் என்ற கண்காணிப்பு நிரலைத் தங்கள் பக்கங்களில் பதித்து, பார்ப்பவரின் விவரத்தை ஃபேஸ்புக்குக்கு அனுப்புகின்றன என்று இதன் கீழ் வழக்குக்கு மேல் வழக்கு தொடரப்படுகிறது. அதைக் கேட்டதும் படித்தவர்கள் வாயில் வரும் பதில் ஒன்றே: போவது வெறும் எண், பெயர்கூட இல்லை, யாருக்கு என்ன நஷ்டம், எல்லாம் வக்கீல்களின் வசூல். 2025 மே மாதம் நியூயார்க்கின் இரண்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பதிலின் முதல் பாதிக்குக் கறுப்பு அங்கியே மாட்டிவிட்டது.

நஷ்டம் யாருக்கு என்று கேட்பவர்கள் ராபர்ட் போர்க்கின் கதையைப் படித்தவர்களாக இருக்க முடியாது. 1987-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு அதிபர் ரீகன் முன்மொழிந்தவர் அவர். அரசியல் சட்டத்தில் பொதுவான அந்தரங்க உரிமை எதுவும் இல்லை என்று வாதிட்டவரும் அவரே. வாஷிங்டன் வார இதழ் ஒன்றின் நிருபர் அவர் வழக்கமாகப் போகும் வீடியோ கடைக்குச் சென்று கேட்டார். கடையில் பட்டியலை நகலெடுத்துக் கொடுத்துவிட்டார்கள். 146 கேசட்டுகள். ஹிட்ச்காக், மார்க்ஸ் சகோதரர்கள் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கக்கூடிய படங்கள். மானம் போகும் தலைப்பு ஒன்றுகூட இல்லை. செனட் அவரை 58-க்கு 42 என்று நிராகரித்ததற்கும் இந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அவரை எதிர்த்து வாக்களித்தவர்கள் உட்பட இரு கட்சியினரும் பதறினார்கள். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. மறைக்க ஒன்றுமில்லாத ஒரு பட்டியலுக்காக வந்த சட்டம் இது.

பிக்சல் செய்வது அந்தக் கடை ஊழியர் செய்த வேலையைத்தான், கேட்காமலேயே, ஒவ்வொரு சொடுக்குக்கும். பக்கம் திறந்ததும் நிரல் ஓடுகிறது. பக்கத்தின் முகவரி போகிறது. பெரும்பாலும் வீடியோவின் தலைப்பு அதிலேயே இருக்கும். அதே உலாவியில் ஃபேஸ்புக்கில் நுழைந்திருப்பவர் என்றால், ‘சி_யூசர்’ என்ற குக்கீயும் கூடவே போகிறது. அதிலுள்ள எண் அவருடைய ஃபேஸ்புக் கணக்கின் எண். ஃபேஸ்புக் முகவரிக்குப் பின்னால் அதைத் தட்டினால் அவருடைய பக்கமே திறக்கும் என்று வாதிகள் சொல்கிறார்கள்.

நியூயார்க் நீதிமன்றமோ, சாதாரண மனிதர் ஒருவர் அந்த நிரல் வரிகளைப் பார்த்து இன்னார் இந்த வீடியோவைப் பார்த்தார் என்று சொல்ல முடியுமா என்று கேட்டது. முடியாது என்று தானே பதில் சொல்லி, மல்யுத்தம் முதலியவற்றை ஒளிபரப்பும் தளம் ஒன்றின் மீதான வழக்கைத் தள்ளியது. பிரமாதம். ஆனால் அந்த வரிகள் சாதாரண மனிதருக்கா போகின்றன? வங்கிக் கணக்கு எண்ணைத் தெருவில் போகிறவரிடம் காட்டினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. லெட்ஜரைக் கையில் வைத்திருப்பவரிடம் நீட்டினால் விளங்காமலா போகும்? போர்க்கின் பட்டியலில் பெயருக்குப் பதில் உறுப்பினர் எண்ணை எழுதி, உறுப்பினர் பதிவேடு வைத்திருப்பவரிடமே கொடுத்திருந்தால் 1988-இல் சட்டமே தேவைப்பட்டிருக்காது போலும்.

வக்கீல்கள் சம்பாதிக்கிறார்கள் என்பது உண்மைதான். பாஸ்டன் குளோப் நாளிதழ் இப்படியொரு வழக்கில் 2023-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்தது. இத்தகைய சமரசங்களில் சந்தாதாரர் தலைக்குக் கிடைப்பது சட்டம் சொல்லும் 2,500 டாலருக்குப் பக்கத்தில்கூட வராது. அது கூட்டு வழக்கு முறையின் கோளாறு. பிக்சலுக்கு நற்சான்றிதழ் ஆகாது. தளங்களில் முளைக்கும் ‘ஏற்கிறேன்’ பொத்தானும் அப்படித்தான்: ஏற்பதற்குப் பெரிய பொத்தான், மறுப்பதற்கு மூன்று பக்கம் தாண்டிய சிறு எழுத்து. இன்னொரு வேடிக்கை திரையரங்கு. அரங்கின் தளத்தில் டிக்கெட் வாங்கிய விவரம் ஃபேஸ்புக்குக்குப் போனாலும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் 2025-இல் சொன்னது. வீட்டில் பார்த்தால் ரகசியம், அரங்கில் பார்த்தால் ஊர் சொத்து!

நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. கருவியின் அடையாள எண்ணும் இருப்பிடமும் சேர்ந்தால் ஆளைச் சுட்டும் என்று பாஸ்டனின் முதல் வட்ட நீதிமன்றம் 2016-லேயே ஏற்றது. தளத்தின் செய்திமடல் போன்ற, வீடியோ அல்லாத சேவைக்குப் பதிவு செய்தவரும் இந்தச் சட்டம் காக்கும் ‘நுகர்வோர்’தானா என்பதில் நியூயார்க், சிகாகோ நீதிமன்றங்கள் ஆம் என்றன, சின்சினாட்டி நீதிமன்றம் இல்லை என்றது. ஒரே சொடுக்கு, ஊருக்கு ஒரு நீதி.

இதைத் தீர்க்க நீதிபதிகளின் கற்பனைச் சாதாரண மனிதர் தேவையில்லை. பெறுகிறவரால் ஆளை அடையாளம் காண முடிந்தால் போதும் என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இந்தச் சட்டத்தில் கைவைக்கத் தெரியாமலும் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் முயன்றபோது 2013 ஜனவரியில் திருத்தம் சட்டமானது: வாடிக்கையாளரிடம் இணையத்திலேயே ஒருமுறை சம்மதம் வாங்கினால் இரண்டு ஆண்டுகள் வரை செல்லும்.