வாயிற்கதவு யாருடையது?

விலையின்றிப் பெறத்தக்கதும், அறிவுடையார் எவரும் உட்புகுந்து ஆராயத்தக்கதுமான பணிசெயல் முறைமை லினக்ஸ். 1991 ஆம் ஆண்டில் லினஸ் தோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடக்கிவைத்த கருவைச் சுற்றிப் பல நாட்டறிஞர் எழுப்பிய மாளிகை அது. அதிற் குடிபுகும் மாணாக்கர் முதலிற் கேட்கும் வினா, "இணையத்தைக் காண எந்த மேலோடியைக் கொள்வது?" என்பதாகும். உலாவி எனச் சிலர் வழங்குவதும் இதனையே.

வினா சிறிதெனினும் விடை சிறிதன்று. வீடு நமதாயினும் வாயிற்கதவின் திறவுகோல் அயலார் கையிலிருப்பின் பயன் யாது? இன்று படிப்பு, கடிதம், வங்கிக் கணக்கு ஆகியன பெரும்பாலும் மேலோடி வழியாகவே நடைபெறுகின்றன.

பெயர்களைக் கண்டு மயங்க வேண்டா. குரோம், எட்ஜ், ஒப்பேரா, பிரேவ், விவால்டி எனப் பெயர் பலவாயினும் அவற்றுள் இயங்கும் பொறி பிளிங்க் ஒன்றே. அதனை வளர்ப்பதிற் கூகிள் நிறுவனமே முதன்மை வகிக்கின்றது. பயர்பொக்ஸ் மட்டும் கெக்கோ என்னும் வேறொரு பொறியைக் கொண்டது.

பிளிங்கின் மூதாதை லினக்ஸ் அன்பரிடையே பிறந்தது என்பது வியப்பன்றோ! கே.டி.ஈ. தொண்டர்கள் ஆக்கிய பொறியை அப்பிள் நிறுவனம் எடுத்துத் திருத்தி, வெப்கிற் என்னும் பெயரால் 2003 இல் தன் சபாரி மேலோடியில் அமைத்தது. அதனையே கூகிள் 2008 இல் குரோமுக்குக் கொண்டது. 2013 இல் தனியே பிரித்துப் பிளிங்க் எனப் பெயரிட்டது. விதை நம் தோட்டத்தது. மரமோ அயல் வளவில் நிற்கின்றது.

நிரல் திறந்திருத்தல் ஒன்றே போதுமோ எனின், போதாது. குரோமின் திறந்த வடிவம் குரோமியம். லினக்ஸ் தொண்டர்கள் தொகுத்தளித்த குரோமியத்தில், புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் பல கணினிகளிடையே ஒத்திசைக்கும் வசதியை 2021 மார்ச்சு மாதத்திற் கூகிள் நிறுத்திவிட்டது. நிரல் பொதுவாயினும் சேவை ஒருவர்க்கே உரியதாயிற்று.

ஆதலின் பயர்பொக்ஸை முதன்மையாகக் கொள்க என்பதே எம் கருத்து. அதனை வெளியிடும் மொசில்லாவின் வருவாயிற் பெரும்பகுதி தேடற்பொறியின் பொருட்டுக் கூகிள் தரும் பணமே. எனினும் பொறி வேறாய் நிற்பது பெரும் நன்மை. சில தளங்கள் பிளிங்கிலன்றிச் செவ்வனே இயங்கா. அவற்றுக்காகக் குரோமியத்தைத் துணையாக வைத்திருக்கலாம். இரண்டையும் லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே பெறுக. பாதுகாப்புத் திருத்தங்கள் வருந்தோறும் தாமதியாது ஏற்க. நினைவகம் குறைந்த பழைய கணினியாயின், மேலோடியை மாற்றுமுன் திறந்துகிடக்கும் பக்கங்களைக் குறைத்துப் பார்க்க.

2000 ஆம் ஆண்டை அடுத்த சில காலம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஒன்றே எங்கும் கோலோச்சியது. அதற்கெனவே தளம் அமைத்தோர் பலர். அது லினக்ஸுக்கு வெளியிடப்படாமையால் லினக்ஸ் அன்பர் அத்தளங்களின் வாயிலில் நின்று மீண்டனர். ஒரே பொறியை யாவரும் நாடின் அந்நிலை மீளவும் வரக்கூடும். இளைஞர்காள், உங்கள் தெரிவு சிறிதன்று. பொதுவழி பொதுவழியாகவே நிற்பதற்கு அதுவும் ஒரு கல்லாகும்.