பங்காளி என்றால் பங்கு எங்கே?

'கூட்டாண்மை' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும். இரண்டு பல்கலைக்கழகங்கள் கையெழுத்துப் போடும், படம் எடுப்பார்கள், 'உலக சுகாதாரம்', 'நிலைத்த உறவு' என்று அறிக்கை வரும். நம்ம ஆட்களும் பெருமையாகப் பகிர்வார்கள். தமிழில் பங்காளி என்றால் முற்றத்தில் நின்று பங்கு கேட்டுச் சண்டை போட உரிமை உள்ளவன். அந்த உரிமை இல்லாதவன் வெறும் வாடிக்கையாளன்.

இது பழைய கதை. 1898இல் லிவர்பூலில் வெப்பமண்டல மருத்துவத்துக்குப் பள்ளி தொடங்கப் பணம் போட்டவர் ஆல்ஃபிரட் ஜோன்ஸ் என்ற கப்பல் முதலாளி. 1899இல் லண்டனில் ஒன்று, 1900இல் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடம். மலாயாவில் மலேரியா பற்றிய அறிவு, தோட்டங்களில் நம்மவர்கள் செத்துச் செத்துத்தான் வளர்ந்தது. அது பிறகு பல உயிர்களைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் அதில் நாம் பங்காளிகளாக இருந்ததில்லை. பேராக்கில் பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கு வைத்தியம் என்றால் டிரஸ்ஸர் ஊற்றிக்கொடுத்த மருந்து. எதற்கு என்று கேட்கும் வழக்கமே இல்லை.

இன்றைய வடிவம் கண்ணியமானது. டிப்ளோமா முடித்து வேலை செய்யும் நம் தாதியருக்கு பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் மலேசியாவிலேயே பட்டம் தருகின்றன. விரிவுரையாளர்கள் விமானத்தில் வந்து, பாடம் நடத்திவிட்டுத் திரும்புவார்கள். 'பறக்கும் ஆசிரியர்கள்' என்றே பெயர். தாதிமைக் கல்வியாளர் நிர்மலா அருணாசலம் இந்தப் படிப்புகளைத்தான் ஆராய்ந்தார். அவற்றைப் படித்த மலேசியத் தாதியரிடமே கேட்டார். அங்கே எழுதிய பாடம் இங்குள்ள வார்டுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் விஷயம்.

நான் பொறியாளன். வெளிநாட்டு இயந்திரத்தைப் பொருத்திவிட்டால் வேலை முடியாது. பழுது பார்க்க இங்கேயே ஆள் வேணும், இல்லாவிட்டால் அது பழைய இரும்புக்குத்தான் போகும். பத்து வருஷம் கழிச்சும் பாடத்திட்டத்தை அவங்களே எழுதி, அவங்களே திருத்தி, நாம கட்டணம் மட்டும் கட்டினா அதுக்குப் பேர் கடை. தமிழ் மட்டுமே பேசும் ஈப்போ பாட்டி ஒருவர் காலில் உள்ள சர்க்கரைப் புண்ணை ஏன் மறைக்கிறார் என்று வார்டில் இருக்கும் மிஸ்ஸிக்குத் தெரியும். அந்த அறிவு பாடத்தில் ஏறணும், அவர் பெயரோடு.

"பட்டம் இருந்தா சிங்கப்பூர், சவூதி போய்ச் சம்பாதிக்கலாம், தடுக்க நீ யாரு?" என்பார்கள். போகட்டும். ஆனால் பயிற்சி பெற்ற தாதியை எடுத்துக்கொள்ளும் நாடு, பயிற்சி தந்த நாட்டுக்கு எதைத் திருப்பித் தருகிறது? ஆள் தரும் நாடுகளுக்கு உதவச் சொல்லும் நடத்தை விதியை உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே ஏற்றது. அது யாரையும் கட்டுப்படுத்தாது, விரும்பினால் பின்பற்றலாம்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் பப்பானில் தாதி சிபில் கார்த்திகேசு வாழ்ந்த வீடு இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் கெரில்லாக்களுக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்தார். 1943இல் பிடிபட்டார், சித்திரவதைப்பட்டார், 1948இல் இறந்தார். அவர் ஆபத்திலேயே பங்கு எடுத்தவர். கூட்டாளிகளாக வருகிறவர்களிடம் அவ்வளவு கேட்கவில்லை. பணத்திலும் பாடத்திலும் ஆய்வுக் கட்டுரையின் பெயர் வரிசையிலும் நம் தாதியருக்குப் பங்கு வேண்டும். அதை எழுத்தில் தர மறுத்தால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம்.